பாடபேதம் பார்க்கும் கண்

எழுத வருகிறவர்களுக்கு நம்மிடையே தாராளமாகக் கிடைக்கும் அறிவுரை, எழுதியதைத் திருத்தித் திருத்தி எழுது என்பது. எதைத் திருத்துவது, எங்கே கை வைக்கக் கூடாது, ஒரு வரி தப்பு என்பதை எதை வைத்து முடிவு செய்வது என்று திருப்பிக் கேட்டால் பதில் வருவது அபூர்வம். நம் பதிப்புலகில் எடிட்டிங் என்ற பெயரில் பெரும்பாலும் நடப்பது மெய்ப்புப் பார்ப்பதுதான். ஒற்று மிகுமா மிகாதா, இங்கே லகரமா ளகரமா, ஒரு சொல் வரி மாறும்போது தப்பாக உடைந்திருக்கிறதா என்று பார்த்துக் கொடுத்துவிட்டால் புத்தகம் அச்சுக்குப் போய்விடும். ஆசிரியரோடு உட்கார்ந்து வரிவரியாக வாதாடிப் பிரதியைச் செப்பம் செய்வதை ஒரு வழக்கமாகவே வைத்திருந்த 'க்ரியா' ராமகிருஷ்ணன் போன்றவர்கள் விதிவிலக்கு. 1974-இல் பதிப்பகத்தைத் தொடங்கிய அவர் 2020-இல் மறைந்த பிறகும் அந்த வழக்கம் பரவலாக வேர்விட்டுவிட்டதாகச் சொல்ல முடியாது. இதற்குக் காரணம் திருத்தத் தெரியாதது அல்ல, வாசிக்கப் பழகாதது என்பது என் எண்ணம். எழுத்தெழுத்தாக வாசிக்கும் பழக்கம் தமிழில் ஒரு துறையில் மட்டும் முழு வலிமையோடு உயிர் வாழ்கிறது. அது பழைய நூல்களைப் பதிப்பிக்கும் துறை. எழுத்தாளர்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை. அதைப் புலவர்களின் காரியம் என்று ஒதுக்கிவிட்டோம்.

அந்தத் துறையின் பெரிய பட்டறைகளில் ஒன்று புதுச்சேரியில் இருக்கிறது. பிரெஞ்சு ஆட்சி கைமாறிய கையோடு, 1955-இல், இந்தியவியலாளர் ழான் ஃபிலியோசா முயற்சியில் செயிண்ட் லூயி தெருவில் பிரெஞ்சு நிறுவனம் தொடங்கப்பட்டது. கடற்கரைக்குப் போகிறவர்கள் அந்தக் கட்டடத்தைத் தாண்டித்தான் நடக்கிறார்கள். சற்றுத் தள்ளி துய்மா தெருவில் தூரகிழக்கு நாடுகளுக்கான பிரெஞ்சுப் பள்ளியின் மையம். இரண்டிலுமாகச் சேர்ந்துள்ள சைவச் சுவடிகள் சுமார் 11,000. யுனெஸ்கோ 2005-இல் அவற்றை உலக நினைவுப் பட்டியலில் சேர்த்தது. அவற்றுள் பெரும்பாலானவை கிரந்த எழுத்தில் உள்ள வடமொழி ஆகமங்கள். தமிழுக்கு இங்கே நடந்தது வேறு வகையில் பெரிய காரியம். மன்னார்குடிக்காரரான தி. வே. கோபாலையர், பிரான்சுவா குரோவோடு சேர்ந்து, தேவாரத்தைப் பண்முறையில் அடைவு செய்து 1984-இலும் 1985-இலும் இரு தொகுதிகளாக வெளியிட்டார். 8,000-க்கும் மேற்பட்ட பாடல்கள். பாரிசிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வந்த ஆய்வாளர்கள் அவர் எதிரில் உட்கார்ந்து ஒவ்வொரு அடியாகப் பாடம் கேட்டிருக்கிறார்கள். பின்னாளில் ஏவா வில்டன், கிடைத்த சுவடிகளையும் பழைய அச்சுப் பதிப்புகளையும் ஒப்பிட்டு நற்றிணையை 2008-இலும் குறுந்தொகையை 2010-இலும் பதிப்பித்ததும் பிரெஞ்சுப் பள்ளி மையத்தின் சங்க இலக்கியத் திட்டத்தில்தான். அந்தப் பதிப்புகளில் பாட்டுக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு பத்தி இருக்கும். எந்தச் சுவடியில் எந்தச் சொல் எப்படி மாறி வருகிறது என்ற கணக்கு அது. சாதாரண வாசகர் தாண்டிப் போய்விடும் அந்தப் பத்திதான் எழுதக் கற்கிறவருக்கான பாடப்புத்தகம்.

ஏன் என்று புரிய, ஓலையில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்பு. இன்று நாம் காணும் இரட்டைச் சுழி வீரமாமுனிவர் காலத்துக்குப் பிறகு நிலைத்தது. நெடிலைக் காட்டும் காலும் ரகரமும் ஒரே வடிவம். இப்போது ஒரு கொம்பு, ஒரு சகரம், ஒரு கால், இந்த மூன்றும் அடுத்தடுத்து இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதை 'சொ' என்று படிக்கலாம், 'சோ' என்று படிக்கலாம். காலை ரகரமாக எடுத்துக்கொண்டால் 'செர', 'சேர'. அந்த ரகரத்துக்கு மனத்துக்குள் ஒரு புள்ளி வைத்தால் 'செர்', 'சேர்'. மூன்று கீறல்களில் ஆறு வாசிப்புகள். 'கலவி' என்று எழுதியிருந்தால் அது கல்வியா கலவியா என்பதை ஓலை சொல்லாது. சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது; பாட்டு எங்கே முடிந்து உரை எங்கே தொடங்குகிறது என்பதும் பல ஏடுகளில் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே சுவடி படிப்பவர் ஒவ்வொரு எழுத்திலும் ஒரு முடிவு எடுக்கிறார். யாப்பு இடம் கொடுக்கிறதா, எதுகை நிற்கிறதா, இந்தத் திணையில் இந்தப் பூ வருமா, அடுத்த அடியின் வினைமுற்றுக்கு இது எழுவாயாகுமா என்று கேட்டுக் கேட்டுத்தான் அடுத்த எழுத்துக்கு நகர முடியும். அச்சுப் புத்தகத்தில் இந்த முடிவுகளை யாரோ நமக்காக எடுத்து வைத்துவிட்டார்கள். அதனால்தான் நம் கண் வழுக்கிக்கொண்டு போகிறது.

அடுத்தது பிழைகளின் கதை. ஏடு பெயர்த்து எழுதியவர்கள் செய்த தவறுகளைப் பதிப்பாசிரியர்கள் காலங்காலமாக வகைப்படுத்தி வைத்திருக்கிறார்கள். இரண்டு அடிகள் ஒரே சொல்லில் முடிந்தால் கண் முதல் அடியிலிருந்து இரண்டாவதற்குத் தாவிவிடும். நடுவில் இருந்தது போய்விடும். ஒருவர் வாசிக்க மற்றவர் எழுதினால் காது ஏமாற்றும். ரகர றகரமும் மூன்று னகரமும் இடம் மாறும். ஓரத்தில் யாரோ எழுதி வைத்த விளக்கம் அடுத்த பிரதியில் மூலத்துக்குள்ளேயே ஏறி உட்கார்ந்துவிடும். புரியாத சொல் வந்தால் எழுதுகிறவர் கை, தன்னை அறியாமல், புரிந்த சொல்லைப் போட்டுவிடும். இந்தப் பட்டியலை ஒருவர் தன் கட்டுரையின் முதல் வரைவை எதிரில் வைத்துக்கொண்டு படித்துப் பார்க்கட்டும். நாமும் ஒரு மூலத்தைப் பார்த்துத்தான் பெயர்த்து எழுதுகிறோம். அந்த மூலம் நம் தலைக்குள் இருக்கிறது. காரணத்தையும் முடிவையும் எழுதிவிட்டு இரண்டையும் இணைக்கும் படியை விட்டுவிடுகிறோம், ஏனென்றால் அது மனத்தில் ஏற்கெனவே இருக்கிறது. எழுதும்போது நமக்கு நாமே சொல்லிக்கொண்ட விளக்கம் கட்டுரைக்குள் ஏறி, வாசகருக்குத் தேவையில்லாத பத்தியாக நிற்கிறது. இதையெல்லாம் விடக் கெடுதலானது கடைசி வகை. நாம் சொல்ல நினைத்த விஷயத்துக்கு ஒரு விசேஷமான, சற்றே முரடான சொல் இருந்திருக்கும். கை அதை எழுதாமல், பக்கத்திலேயே தயாராகக் கிடந்த பழகிய சொல்லை எழுதிவிடும். 'நெஞ்சை உலுக்கும்', 'காலத்தின் கட்டாயம்', 'மறுக்க முடியாத உண்மை' எல்லாம் இப்படி வந்து ஒட்டிக்கொண்டவைதான்.

இந்தக் கடைசி வகைக்குப் பதிப்பாசிரியர்களிடம் ஒரு விதி உண்டு. ஒரே இடத்துக்குச் சுவடிகள் இரண்டு பாடங்களை, அதாவது இரு வேறு சொற்களை, காட்டுகின்றன, இரண்டும் பொருள் தருகின்றன, ஒன்று எளிது, மற்றது கடினம் என்றால், கடினமான பாடத்தின் பக்கம்தான் அவர்கள் சாய்வார்கள். கடினத்தை எளிதாக்கிய எழுத்தர்கள் ஏராளம். எளிதாக இருந்ததைக் கடினமாக்கியவர் யார்? ஐரோப்பாவில் விவிலியத்தின் கிரேக்கப் பிரதிகளை ஒப்பிட்டவர்கள் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே இதை விதியாக வகுத்தார்கள். நம் உரையாசிரியர்களும் பாடங்களை நிறுத்துப் பார்த்தவர்கள்தான். பரிமேலழகர் குறளுரையில் வேறு பாடம் ஓதுவாரைக் குறிப்பிட்டு, அது ஏன் பொருந்தாது என்று காரணம் சொல்லி விலக்குவார். எழுதுகிறவருக்கு இந்த விதி வேறு விதமாகப் பயன்படும். வரைவில் தடையின்றி ஓடுகிற வாக்கியத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். தட்டுகிற இடத்தை எல்லோரும் திருத்துவார்கள். வழுக்குகிற இடத்தில்தான் சொந்த எண்ணம் நழுவி, ஊர்ச் சொல் வந்து உட்கார்ந்திருக்கும்.

எதைச் சேர்க்கக் கூடாது என்பதற்கும் இந்தத் துறையில் முன்மாதிரி இருக்கிறது. உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியையும், 1889-இல் பத்துப்பாட்டையும், 1894-இல் புறநானூற்றையும் அச்சிட்டார். புறநானூற்றில் 267, 268 என்ற இரு பாட்டுகளும் இல்லை. இன்னும் பல பாட்டுகளில் அடிகள் சிதைந்திருக்கின்றன. அந்த இடங்களில் அவர் புள்ளிகள் இட்டுவிட்டு நகர்ந்தார். இதன் அருமை, அவர் யாரிடம் படித்தவர் என்பதை நினைத்தால்தான் விளங்கும். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர். நினைத்த மாத்திரத்தில் செய்யுள் கட்டத் தெரிந்தவர். ஒரு சீரோ அரையடியோ விடுபட்ட இடத்தை, யாப்புக் குறையாமல், கேட்டவர் மயங்கும்படி நிரப்ப அவரால் முடிந்திருக்கும். நிரப்பவில்லை. குறிஞ்சிப்பாட்டில் பூக்களின் பெயர்கள் அடுக்கி வரும் பகுதியில் சில பெயர்கள் ஏடுகளில் விடுபட்டுக் கிடந்தன. பூப்பெயருக்கா தமிழில் பஞ்சம்? அவர் தேடிக்கொண்டே இருந்தார். தருமபுர மடத்து ஏட்டில் அவை கிடைத்தன. 'உதிர்ந்த மலர்கள்' என்று அதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். தகவல் தெரியாத இடத்தை அழகான வாக்கியத்தால் மூடிவிடுவது இன்றைய கட்டுரையாளர்களின் பெரிய ஆசை. அந்த ஆசையை அடக்கத் தெரிந்த கைக்குத்தான் திருத்தும் உரிமை உண்டு.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. பதிப்பாசிரியர் செத்துப்போனவரின் நூலை உள்ளபடி மீட்கிறார். எழுத்தாளரோ தன் பிரதியை இன்னும் நன்றாக ஆக்கப் பார்க்கிறார். ஒருவர் காப்பவர், மற்றவர் மாற்றுபவர். முன்னவரிடம் பின்னவர் என்ன கற்க முடியும் என்று கேட்கலாம். வேலை வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டு வேலைக்கும் முதல் படி ஒன்றே. பக்கத்தில் இருப்பது என்ன, இருப்பதாக நான் நினைத்துக்கொள்வது என்ன என்று பிரித்துப் பார்ப்பதுதான் அது. நவீன எழுத்தைப் பதிப்பித்தவர்கள் இந்த இரண்டையும் சேர்த்தே காட்டியிருக்கிறார்கள். ஆ. இரா. வேங்கடாசலபதி 2000-இல் காலச்சுவடு வழியாக வெளியிட்ட புதுமைப்பித்தன் கதைகளின் பதிப்பு, பத்திரிகையில் வந்த வடிவத்துக்கும் நூலில் வந்த வடிவத்துக்கும் உள்ள வேறுபாடுகளைக் கொடுக்கிறது. எழுதித் தள்ளிவிட்டுப் போகிறவர் என்று பெயரெடுத்த ஒருவர் எந்தச் சொல்லை மாற்றினார், எந்த இடத்தைத் தொடாமல் விட்டார் என்று அங்கே பார்க்கலாம். எழுத்துப் பயிற்சி வகுப்புகளில் நாள் முழுக்கக் கேட்டாலும் கிடைக்காத பாடம் அந்தப் பின்னிணைப்பில் இருக்கிறது. பாரதி விஷயத்தில் நிலைமை இன்னும் சுவாரசியமானது. 'பாஞ்சாலி சபத'த்தின் முதல் பாகம் அவர் புதுச்சேரியில் இருந்தபோதே 1912-இல் வந்துவிட்டது. இரண்டாம் பாகம் அவர் மறைந்த பிறகுதான் வெளிவந்தது. பாட்டுகளுக்குப் பிற்காலத்தில் பிறர் தலைப்பு வைத்தார்கள், வரிசை மாற்றினார்கள். இன்று நாம் மனப்பாடமாகச் சொல்லும் பாட்டில் எது அவர் வைத்தது, எது பிறர் வைத்தது என்று தேடிப் பார்த்தாலே ஒரு பிரதி எத்தனை கைகளால் உருவாகிறது என்பது விளங்கிவிடும்.

பாரதி பெயரை எடுத்ததுமே இன்னொரு மறுப்பு வரும். கவிதை பொங்கி வருவது. இப்படி நுணுக்கி நுணுக்கிப் பார்த்தால் ஊற்று அடைபட்டுப் போகும் என்பார்கள். புதுச்சேரியில் இந்தக் கருத்துக்கு ஆதரவு அதிகம், ஏனென்றால் குயில் பாட்டும் கண்ணன் பாட்டும் இங்கே பிறந்தவை; ஈசுவரன் தர்மராஜா கோயில் தெரு வீட்டைச் சுற்றிப் பார்ப்பவர்கள் ஆவேசம் வந்து பாடிய ஒரு மனிதரைத்தான் கற்பனை செய்துகொள்கிறார்கள். 1904-இல் 'சுதேசமித்திர'னில் உதவி ஆசிரியராகச் சேர்ந்து, ஆங்கிலத் தந்திகளைத் தினந்தோறும் தமிழாக்கிச் சுருக்கிக் கொடுத்த மனிதரை நினைப்பதில்லை. நீளமான ஆங்கில வாக்கியத்தை வெட்டி, ஒட்டி, எழுத்துக்கூட்டிப் படிப்பவனுக்கும் புரியும்படி தமிழில் இறக்குவது அவருக்கு அன்றாடத் தொழில். பிறகு 'இந்தியா'வுக்கு எழுதினார்; புதுச்சேரியிலிருந்தும் 'சுதேசமித்திர'னுக்குத் தொடர்ந்து எழுதிக்கொண்டிருந்தார். அந்த மேசைப் பழக்கம் உள்ள கையில்தான் பாட்டு பொங்கியது. அதே ஊரில் அடைக்கலம் புகுந்திருந்த வ. வே. சு. ஐயரை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவு. கம்பனில் ஊறிப்போனவர், கம்பராமாயணத்தை ஆராய்ந்து ஆங்கிலத்தில் நூல் எழுதியவர், குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். தமிழ்ச் சிறுகதையின் தொடக்கங்களில் ஒன்றாகச் சொல்லப்படும் 'மங்கையர்க்கரசியின் காதல்' தொகுதியும் அவருடையதுதான். வாசிப்பு ஊற்றை அடைத்ததாக அவரிடம் எந்தத் தடயமும் இல்லை.

உண்மையில் கவலைப்பட வேண்டிய மறுப்பு மூன்றாவது ஒன்று. நுணுகி வாசிக்கத் தொடங்கியவருக்கு, தன் காதே பிரமாணம் என்ற எண்ணம் வந்துவிடலாம். ரசிகமணி டி. கே. சி.யைவிடக் கூர்மையாகக் கம்பனை வாசித்தவர்கள் குறைவு. ஒரு சொல்லின் தாளம் எங்கே இடறுகிறது என்று அவர் காட்டிய விதத்தைக் கேட்டு ஒரு தலைமுறையே கவிதை படிக்கப் பழகியது. அவர்தான் ஆயிரக்கணக்கான பாடல்களை இடைச்செருகல் என்று தள்ளினார். சுவடி ஆதாரம் இல்லாமலே, கம்பன் இப்படிப் பாடியிருக்க மாட்டான் என்ற உணர்வை நம்பிச் சொற்களை மாற்றினார். ரசனை பெரியதுதான். ஆனால் அவர் மீட்டது எந்தக் கம்பன் என்று கேட்டால் பதில் சங்கடமாக இருக்கும். பிறர் பிரதியைத் திருத்தும் பத்திரிகை ஆசிரியர்களுக்கு இந்த நோய் எளிதில் தொற்றும். எல்லாக் கட்டுரைகளும் கடைசியில் ஒரே குரலில் பேச ஆரம்பிக்கும். இதற்கு மருந்தும் பதிப்பாசிரியர்களிடமே இருக்கிறது. எதை ஏற்றேன், எதைத் தள்ளினேன் என்பதை அடிக்குறிப்பில் வைத்துவிடுவது. தள்ளப்பட்ட பாடம் கண்ணெதிரே இருக்கும்வரை, தள்ளியவர் தன் முடிவுக்குக் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர். மாற்றத்துக்குக் காரணம் எழுத முடியவில்லை என்றால் அந்த மாற்றம் வேண்டாம். கணினித் திரையில் பழைய சொல்லை அழித்துவிட்டுப் புதியதை அடிக்கும் நாம் இந்த ஒழுங்கை இழந்துவிட்டோம். எழுத்துப்பிழை திருத்தும் மென்பொருள் இதற்கு உதவாது. பள்ளிக்குப் போன பையனைப் பல்லிக்கு அனுப்பினாலும் அது வாய் திறக்காமல் போகக்கூடும், இரண்டும் நல்ல தமிழ்ச் சொல்தானே.

பதிப்பிக்க மட்டுமா, படைக்கவும் இந்த வாசிப்பு உதவும் என்பதற்குப் புதுச்சேரியே சாட்சி. பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு, வரலாற்றாசிரியர்களுக்கு ஒரு சுரங்கம். சென்னை அரசு 1904-இலிருந்து 1928 வரை அதை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. தமிழ் மூலமோ அன்றைய பேச்சு நடையில், பிரெஞ்சும் பார்சியும் போர்த்துகீசியமும் கலந்து, மூச்சு விடாமல் ஓடுகிறது. கப்பல் வந்த நேரம், துணி பேரம், அரண்மனை வம்பு எல்லாம் ஒரே வரிசையில் வரும். இதைத் தகவலுக்காக மட்டும் படித்தால் தேதிகள் கிடைக்கும். 1748-இல் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்ட பகுதியை ஒரு எழுத்தாளரின் கண்ணோடு படித்தால் வேறு கேள்விகள் எழும். பழி யார் தலையில் விழும்படி இவர் எழுதுகிறார்? பதவியில் இருந்த தன்னைப் பற்றி எவ்வளவு சொல்கிறார், எங்கே அவசரமாகக் கடந்து போகிறார்? பிரபஞ்சன் அந்தக் கண்ணோடு படித்தார். 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என்ற இரு நாவல்களும் அந்த வாசிப்பிலிருந்து வந்தவை. பின்னது 1995-இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. நாட்குறிப்பில் ஒரு வரியாக வந்துபோகிற மனிதர்கள் நாவலில் ரத்தமும் சதையுமாக எழுந்து நிற்கிறார்கள் என்றால், அந்த ஒரு வரியில் எத்தனை அடைந்து கிடக்கிறது என்று அவர் கண்டிருந்தார் என்று அர்த்தம்.

இதைக் கற்க ஓலை படிக்கத் தெரிய வேண்டியதில்லை. அடிக்குறிப்பில் பாடபேதம் கொடுத்த ஏதாவது ஒரு பதிப்பு போதும். ஒரு பாட்டை எடுத்து, பதிப்பாசிரியர் ஏற்ற சொல்லை மறைத்துவிட்டு, மாற்றுப் பாடங்களை மட்டும் பார்த்து எது சரி என்று நீங்களே முடிவு செய்து, காரணத்தை இரண்டு வரியில் எழுதுங்கள். பிறகு திறந்து பாருங்கள். பதிப்பாசிரியரோடு ஒத்துப்போவது முக்கியமில்லை. காரணம் எழுத முடிந்ததா என்பதுதான் கேள்வி. இப்படிச் சில பாட்டுகள் ஆனதும் உங்கள் கட்டுரையின் முதல் வரைவையும் திருத்திய வரைவையும் இரண்டு சுவடிகளாக எண்ணி அதே மாதிரி ஒப்பிட்டுப் பாருங்கள். புதுச்சேரிக்காரர்களுக்கு 1827-இல் தோன்றிய ரோமன் ரோலன் நூலகம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. தேவாரப் பதிப்பு பிரெஞ்சு நிறுவனத்தின் முயற்சியால் கணினிக்கும் வந்துவிட்டது. கதைப் பட்டறை, கட்டுரைப் பட்டறை என்று இரண்டு மூன்று நாள் நடத்தும் கல்லூரிகளும் அமைப்புகளும், அதில் ஒரு முற்பகலையாவது குறுந்தொகைப் பாட்டு ஒன்றின் பாடபேதங்களுக்கு ஒதுக்க வேண்டும். பேச்சாளர் தேவையில்லை, ஆளுக்கொரு நகலும் பென்சிலும் போதும்.